வயிற்றைச் சுருக்கி 5 மாதம்: உப்புப் பார்க்க முடியாத மெஸ்காரன் என்ன செய்வது?

மெஸ்காரன், திண்டுக்கல்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையே நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது என் பிரச்சினை கொஞ்சம் வேறு மாதிரி. டாக்டரிடம் சொன்னேன், சிரித்துவிட்டார். அதனால் இங்கே வருகிறேன்.

வயது 46. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெஸ் வைத்திருக்கிறேன். எட்டு டேபிள். மத்தியானம் சாப்பாடு, ராத்திரி தோசையும் கறி தோசையும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீரகச் சம்பா பிரியாணி. அப்பா ஆரம்பித்தது. மாஸ்டர் இருக்கிறார், 20 வருடப் பழக்கம். ஆனால் கடைசி ஒரு கை உப்பு நான்தான் போடுவேன். பதினோரு மணிக்கு அடுப்படிக்குள் போய், கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு வரிசையாகப் பார்ப்பேன். கறிக்குழம்பு, மீன்குழம்பு, எலும்பு ரசம், சுக்கா, சாம்பார், கூட்டு. பார்க்கிறேன் என்ற பெயரில் ஒரு ஆள் சாப்பாடு உள்ளே போய்விடும் என்பது வேறு கதை. 138 கிலோ சும்மா வரவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மதுரையில் ஸ்லீவ் என்கிற அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டேன். சுகர், பிரஷர், ராத்திரி மூச்சு நின்று நின்று வருவது என்று மூன்றும் சேர்ந்திருந்தன. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விட்டிருக்கிறார்கள். இப்போது 104 கிலோ. சுகர் மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். குறட்டை நின்றுவிட்டது. சத்தமே இல்லை என்று பயந்து என் வீட்டுக்காரி நடுராத்திரி மூக்கில் கை வைத்துப் பார்க்கிறாள். போன மாதம் கல்யாண மோதிரம் பரோட்டா மாவுக்குள் விழுந்து, இருபது உருண்டையைப் பிய்த்துத் தேடினோம்.

இதுவரை நல்லதுதான். இனிமேல்தான் கேள்வி.

முதலில் நாக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் உப்பும் இனிப்பும் எனக்கு ரெட்டிப்பாகத் தெரிகிறது. ஒரு வாய் பால் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கிறது. கறி வேகிற வாசனை, நான் பிறந்து வளர்ந்த வாசனை, வயிற்றைப் புரட்டுகிறது. குழம்பைப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொல்லி வெளியே வருகிறேன். 12 வருடமாக மூலை டேபிளில் சாப்பிடுகிற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், இலையை மடிக்கும்போது, "தம்பி, நாலு நாளா உப்பு எட்டலையே" என்றார். அவர் குறை சொல்லுகிற ஆள் இல்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அடுத்தது அளவு. ஆறு அயிட்டத்தை ஒவ்வொரு துளியாகப் பார்த்தாலே எனக்கு வயிறு அடைத்துவிடுகிறது. அதற்கு அப்புறம் புரதம் சாப்பிட இடமில்லை. ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்று உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மட்டன் மெஸ் வைத்திருப்பவனுக்கு மட்டன் இறங்கவில்லை. போன வாரம் ஒரு சுக்காத் துண்டு நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நின்று, வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில் ஊறி, பின்பக்கம் ஓடிப்போய்க் கக்கினேன். மாஸ்டர் பார்த்துவிட்டார். பார்சல் வாங்க வந்த ஒருவரும் பார்த்துவிட்டார். இப்போது பஜாரில் பேச்சு என்னவென்றால் எனக்கு வயிற்றில் கட்டியாம். இன்னொரு கடைக்காரர், "அவன் கடைச் சாப்பாட்டை அவனே திங்க மாட்டேங்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

முடி வேறு கொட்டுகிறது. தலையில் துண்டு கட்டாமல் அடுப்படிக்குள் போவதில்லை. கையும் மார்பும் தொங்குகின்றன. முன்பு பனியனோடு நிற்பேன், இப்போது அந்தச் சூட்டிலும் சட்டை போட்டுக்கொள்கிறேன்.

யாராவது சமையல் தொழிலில் இருந்துகொண்டு இதைச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? நாக்கு திரும்பி வருமா? வரும்வரை கடையை எப்படி ஓட்டுவது?

மருதமலை அக்கா, கோவை:

தம்பி, நான் 2018-ல் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவள். சமையல் தொழில் இல்லை, தையல் கடை. ஆனால் நீங்கள் எழுதியதில் பாதி எனக்கும் நடந்தது.

நாக்கு மாறும், அப்புறம் பெரும்பாலும் மெதுவாகப் பழகும். எனக்குக் காபி வாசனையே எட்டு மாதம் பிடிக்கவில்லை. அது வரைக்கும் காலையில் எழுந்து என்ன செய்வதென்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். ஒன்பதாவது மாதம் ஒரு நாள் பக்கத்து வீட்டில் டிக்காஷன் இறங்குகிற வாசனை வந்து, போய்க் கேட்டு வாங்கிக் குடித்தேன். இனிப்பு மட்டும் இன்று வரைக்கும் பழைய மாதிரி இல்லை. அது நல்லதற்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

முடியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை கொட்டுவது பல பேருக்குச் சொல்லி வைத்த மாதிரி நடக்கும். உடம்பு ஒரு பெரிய அதிர்ச்சியைச் சந்தித்ததும் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது, அப்புறம் சேர்ந்து விழுகிறது. வேர் செத்துப்போவதில்லை. ஆனால் ஒரு வருடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் புரதமோ இரும்புச்சத்தோ போதாமல் இருக்கலாம், ரத்தம் பார்க்க வேண்டும். எண்ணெய், ஷாம்பு என்று காசை விடாதீர்கள், நான் விட்டேன்.

கறி ஏன் நிற்கிறது என்றால், நார் நாராக இருப்பதை அந்தச் சின்னக் குழாய் அரைக்காது. நீங்கள்தான் வாயில் அரைத்து அனுப்ப வேண்டும். மெஸ்ஸில் நின்றுகொண்டே அவசரத்தில் ஒரு துண்டு போட்டிருப்பீர்கள், சரிதானே? மீன் எடுங்கள். முட்டை எடுங்கள், ஒன்றில் 6 கிராம் புரதம். பன்னீர் 100 கிராமில் 18 பக்கம். கறி வேண்டுமென்றால் கொத்துக்கறியாக, குழம்பில் நன்றாக ஊறியது. கோழியில் நெஞ்சுக்கறி வேண்டாம், அது காய்ந்த பஞ்சு. தொடைக்கறி இறங்கும். இட்லி பார்க்க மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே போய் மாவாக ஒட்டிக்கொள்ளும். முறுகல் தோசை ஒன்றும் செய்யாது. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

முதலில் புரதம், அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. நம் ஊரில் இலையில் முதலில் விழுவது சோறு, அதனால் இதைப் பழகுவது ஒரு போராட்டம். என் மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

சாப்பாடு போதும் என்பதற்கு உங்கள் உடம்பு ஒரு சைகை கொடுக்கும். எனக்கு மூக்கில் நீர் ஒழுகும். சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல். அந்தச் சைகைக்கு அப்புறம் ஒரு வாய் எடுத்தாலும் நீங்கள் சொன்ன அந்தக் கல்லும் நுரையும்தான்.

இனி நான் எழுதப்போவது எனக்கே வெட்கம். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், இதெல்லாம் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். கறி ரெண்டு துண்டுக்கு மேல் இறங்காத அதே வயிற்றில் கால் கிலோ மிக்சர் இறங்கும். மூன்றாவது வருடம் எனக்கு அப்படித்தான் 9 கிலோ திரும்பி வந்தது. மிஷினில் உட்கார்ந்துகொண்டு பக்கத்தில் ஒரு டப்பா. பசியே கிடையாது. வயிற்றில் பசி போய்விட்டது, கையில் இருந்த பழக்கம் போகவில்லை. நீங்கள் நாள் முழுவதும் அப்பளமும் வடையும் பொரிக்கிற இடத்தில் நிற்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

அப்புறம் மருந்து. என்னுடையது பைபாஸ், குடலின் முதல் பகுதியைத் தாண்டியே சாப்பாடு போகிறது. அதனால் இரும்பு, கால்சியம், பி12 எல்லாம் வாழ்நாள் முழுவதும். உங்களுடையது ஸ்லீவ் என்றாலும் பி12 உங்களுக்கும் குறையலாம். அதை உடம்பில் சேர்க்க உதவுகிற சுரப்பு வெட்டி எடுத்த பகுதியிலிருந்தும்தான் வந்துகொண்டிருந்தது. கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரைக்கு மேல் டீ குடிக்காதீர்கள். ரெண்டு வருடம் நன்றாக இருக்கிறதே என்று நான் மாத்திரையை விட்டேன். கால் மரத்துப்போய், ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும்தான் ஓடினேன்.

ஆரோக்கிய வாழ்வு:

நண்பரே, தவறாக நினைக்க வேண்டாம். கடவுள் கொடுத்த உறுப்பை வெட்டி எறிந்துவிட்டு இப்போது வருத்தப்பட்டு என்ன செய்வது? காலையில் ஒரு மணி நேரம் நடந்து, ராத்திரி கொள்ளுக்கஞ்சி குடித்திருந்தால் தானாகக் குறைந்திருக்கும். என் மச்சான் அப்படி 11 கிலோ குறைத்தார்.

மெஸ்காரன், திண்டுக்கல்:

உங்கள் மச்சானுக்கு என் வாழ்த்து. நானும் 2015-ல் 14 கிலோ குறைத்தேன், 2017-ல் 19 கிலோ ஏறியது. 2019-ல் திரும்ப 12 குறைத்தேன். கொள்ளு எங்கள் கடையில் ரசமாகவே வைக்கிறோம். காலை 4 மணிக்கு மார்க்கெட், ராத்திரி 11-க்குக் கடை சாத்துவது, நடுவில் உட்கார நேரம் கிடையாது. நடையில் குறைச்சல் இல்லை. பசியை உண்டாக்குகிற கிரெலின் என்ற சுரப்பு அந்த வெட்டி எடுத்த பாகத்தில்தான் அதிகம் வருகிறது என்று டாக்டர் சொன்னார். நான் ஒழுக்கம் கெட்டவன் என்று 30 வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாகம் போன மறுவாரம்தான் மற்றவர்களுக்குப் பசி எப்படி இருக்கும் என்பதே தெரிந்தது. சரி, அதை விடுங்கள். என் கேள்வி உப்பு.

அக்கா, அப்பளம் விஷயம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நேற்றுக்கூட நொறுங்கின அப்பளம் ஒரு தட்டு.

வார்டு சிஸ்டர்:

நான் இந்த ஆபரேஷன் செய்கிற வார்டில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். அண்ணா எழுதியதைப் படித்தபோது எனக்கு உப்பைவிட அடுப்படிதான் பயமாக இருந்தது.

அண்ணா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்? நம் ஆட்கள் திரும்ப அட்மிட் ஆவதை நான் அதிகம் பார்ப்பது தண்ணீர் வற்றிப்போய்த்தான். நாளைக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் என்று எழுதிக் கொடுப்போம், அது மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறவருக்கு. அடுப்பு முன்னால் நிற்கிறவருக்கு அதற்கு மேலும் வேண்டும். ஆனால் நீங்கள் பழைய மாதிரி சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொள்ள முடியாது. அதில் காற்றும் சேர்ந்து போகும், மார்பு வலிக்கும். உங்களுக்கென்று ஒரு டம்ளர் வைத்துக்கொண்டு, வாய் வைத்து, ஒவ்வொரு மடக்காகக் குடியுங்கள். எச்சில் என்று பார்க்காதீர்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து. சிறுநீர் மஞ்சளாகக் கெட்டியாகப் போனால், எழுந்து நின்றால் தலை சுற்றினால், உடனே கவனியுங்கள்.

பிரஷர் மாத்திரை இன்னும் போடுகிறீர்களா? எடை குறையக் குறைய அந்த டோஸும் குறைய வேண்டியிருக்கும். பழைய டோஸ், தண்ணீர் கம்மி, அடுப்புச் சூடு, இந்த மூன்றும் சேர்ந்து ஒருவர் எங்கள் வார்டுக்கு மண்டை உடைந்து வந்தார். நீங்களாக நிறுத்தாதீர்கள், அளந்து காட்டிக் கேளுங்கள். மூச்சுத் திணறலுக்கு மெஷின் கொடுத்திருந்தால் அதுவும் அப்படித்தான். குறட்டை நின்றது நல்ல அடையாளம், ஆனால் திரும்பச் சோதித்துவிட்டுத்தான் மெஷினை ஓரம் கட்ட வேண்டும்.

ஒரு துண்டு கறி மாட்டி ஒரு தடவை வாந்தி வருவது வேறு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து எதுவும் தங்காமல் வாந்தி வந்தால் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். பி1 வைட்டமின் உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும். நடை தள்ளாடும், கண் இரண்டிரண்டாகத் தெரியும், பேச்சு குழறும். பக்கத்துக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இன்னும் மோசமாகும், முதலில் பி1 போட வேண்டும். இந்த ஆபரேஷன் ஆனவர் என்று போனதுமே சொல்லுங்கள்.

கொழுப்பாகச் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக எடை குறையும்போது அது வரும். இடுப்பு வலிக்கிறது, முட்டி வலிக்கிறது என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், வயிறு புண்ணாகும். பைபாஸ் ஆனவர்களுக்கு அது இன்னும் ஆபத்து, அக்காவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

எலும்பு ரசம் குடித்துத் தெம்பாக இருப்பதாக நினைக்கிறீர்கள் என்றால், அதில் நீங்கள் நினைக்கிற அளவு புரதம் இல்லை. ருசிக்குக் குடியுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

கட்டி இருக்கிறது என்று பேசுகிறவர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நேராகச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தவர்கள்தான் விருந்தில் மாட்டிக்கொண்டு சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டு எங்களிடம் வருகிறார்கள்.

கும்பகோணம் கல்யாண சமையல்:

எனக்கு ஆபரேஷன் எதுவும் இல்லை. என் மனைவிக்கு ஆனது, அதனால் இங்கே எட்டிப் பார்ப்பேன். ஆனால் உப்பு என்று பார்த்ததும் நிற்க முடியவில்லை.

தம்பி, எங்கள் பெரியப்பா கோயில் மடைப்பள்ளியில் 40 வருடம் கைங்கரியம் செய்தவர். சுவாமிக்கு நைவேத்தியம் ஆகிறதுக்கு முன்னால் எதையும் வாயில் வைக்கக் கூடாது. புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், வடை, தோசை, எதையும் ருசி பார்த்ததில்லை. உப்பு கூடியது, குறைந்தது என்று யாரும் சொன்னதும் இல்லை. எப்படி? அளவு. இத்தனை படி அரிசிக்கு இத்தனை புளி, இத்தனை உப்பு. மிச்சம் கண்ணும் மூக்கும் காதும். எண்ணெய் பிரிந்தது கண்ணுக்குத் தெரியும். புளி பச்சை வாசனை போனது மூக்குக்குத் தெரியும். குழம்பு கெட்டியாக ஆக, கொதிக்கிற சத்தமே மாறும், காது கொடுத்துப் பாருங்கள்.

ஆக நாக்கு இல்லாமல் சமைக்க முடியும். நம் ஊரில் ஆயிரம் பேர் தினமும் செய்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. எலக்ட்ரானிக் தராசு வாங்குங்கள், கிராம் காட்டுவது. பெரிய விலை இல்லை. கல்லுப்பை அள்ளினால் ஒரு கணக்கு, தூள் உப்பை அள்ளினால் வேறு கணக்கு. எடை போட்டால் இரண்டும் ஒன்று. நான் கல்யாணத்துக்குப் போகும்போது முடிந்த குழம்பு ஒரு கிலோவுக்கு 9, 10 கிராம் உப்பு என்று ஆரம்பிப்பேன். ரசத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி, ஏனென்றால் அதைச் சிலர் டம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். கறியை முதலில் உப்புப் போட்டு வேக வைப்பீர்கள் அல்லவா, அதையும் கணக்கில் சேருங்கள். அங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். கொதித்து வற்றும் என்பதால் முக்கால் பங்கு முதலில், மிச்சம் இறக்குவதற்கு முன்னால்.

இது ஆரம்பம்தான். உங்கள் கடைக்கு உங்கள் கணக்கு இருக்கும். நாக்கு நன்றாக இருக்கிற ஒருவரை ஒரு வாரம் பக்கத்தில் நிற்கவைத்து, சரியாக வந்த அன்றைக்கு எவ்வளவு போட்டோம் என்று எழுதுங்கள். அந்தத் தபால்காரரைக் கூப்பிட்டால்கூட வருவார், 12 வருடமாகச் சாப்பிடுகிறவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

மருதமலை அக்கா, கோவை:

அப்பளம் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், நான் தின்றதால். இடுப்பில் ஒரு பாட்டில் தண்ணீர் கட்டிக்கொள்ளுங்கள் தம்பி. கை அப்பளத்துக்குப் போகும்போது பாட்டிலுக்குப் போகட்டும். சிஸ்டர் சொன்ன தண்ணீரும் ஆகும்.

சிஸ்டர், வலி மாத்திரை விஷயம் எனக்குத் தெரியாது. பல் வலிக்கு ரெண்டு தடவை போட்டிருக்கிறேன். இந்த வாரமே போய்க் கேட்கிறேன்.

மெஸ்காரன், திண்டுக்கல் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பிரஷர். சிஸ்டர் சொன்னதும் அளந்தேன், காலையிலேயே 100-க்கு 60. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். மத்தியானம் கண் இருட்டிக்கொண்டு வருவதை நான் சூட்டினால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் ஒரு எவர்சில்வர் டம்ளர், கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி, எனக்கு மட்டும். சப்ளையர் பையன் அரை மணிக்கு ஒரு தடவை "அண்ணே, டம்ளர்" என்று கத்துவான். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பழகிவிட்டது.

கட்டி பேச்சுக்கு, கல்லாவில் உட்கார்ந்துகொண்டே நாலு பேர் கேட்கிற மாதிரி ஒருவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பஜார் முழுவதும் போய்விட்டது. இப்போது தினமும் இரண்டு பேர் வந்து ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டே இரண்டு கறி தோசை முடித்தார்.

புரதம் 55, 60 வந்துவிடுகிறது. மூன்று மணிக்குக் கடை காலியானதும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். நின்றுகொண்டு சாப்பிடுவதை விட்டதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது. ஒரு துண்டு மீன், ஒரு முட்டை, இரண்டு ஸ்பூன் பருப்பு. இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் "என்னடா கோழி மாதிரி கொறிக்கிற" என்று கேட்டிருப்பார்.

உப்பு. தராசு வாங்கினேன். தபால்காரரை ஒரு வாரம் பத்தரை மணிக்கே வரச் சொன்னேன். சட்டையில் இஸ்திரி மடிப்போடு வந்தார், பரீட்சை எழுத வந்த மாதிரி. மாஸ்டருக்கு முதலில் கோபம், "இருபது வருஷம் நான் போடாத உப்பா" என்று முறைத்துக்கொண்டு நின்றார். தபால்காரர் துளித் துளியாகப் பார்த்துவிட்டு, போதும், போதாது என்பதைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். என் பெண் ஒன்பதாவது படிக்கிறாள், அவள்தான் அட்டையில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். கறிக்குழம்பு 12 லிட்டர் அண்டாவுக்கு 115 கிராம், அதில் 40 கறி வேகும்போதே. எலும்பு ரசம் 8 லிட்டருக்கு 64.

இதில் ஒரு வேடிக்கை. அட்டையில் எழுதுவதற்காக, பழக்கத்தில் நான் போடுகிற அந்தக் கடைசி ஒரு கை எவ்வளவு என்று தராசில் போட்டோம். மூன்று தடவை அள்ளினேன், மூன்றும் 30-க்கும் 33-க்கும் நடுவில். மாஸ்டர் அவர் கையால் அள்ளிப் போட்டார், 44. "உங்க கையும் என் கையும் ஒரே சைஸ்தானே முதலாளி, நாம ரெண்டு பேரும் ஒரே கையுறைதானே போடுவோம்" என்றார். கையை நீட்டிப் பார்த்தேன். விரலெல்லாம் குச்சி. மோதிரம் மாவில் விழுந்த கை அல்லவா. நான் நாக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் குற்றம் கையுடையது, அள்ளுவதே குறைந்துபோயிருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு கை எவ்வளவு என்று எடை போட்டு வைத்திருக்கக் கூடாதா என்று மாஸ்டர் இப்போது தினமும் கேட்கிறார்.